36 படங்களோடு தெருவில் இறங்குவது எப்படி?

தெருப் புகைப்படம், அதாவது தெருவில் அன்றாடம் நடப்பதை அப்படியே படமெடுப்பது, பழக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்றுதான். கையில் இருப்பதே போதும். அதற்குப் பதிலாக வேறொன்றை முடிவு செய்யுங்கள்: ஒரு நடைக்கு எத்தனை படம் எடுப்பீர்கள்? அந்த எண் தீர்ந்துவிட்டால் எவ்வளவு நல்ல வெளிச்சம் இருந்தாலும் கேமரா பைக்குள் போய்விட வேண்டும்.

நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராக்கள் இன்று சாதாரணம். விரலைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஒரு முழு ஃபிலிம் ரோலுக்குச் சமமான படங்கள் நான்கு நொடிக்குள் கார்டில் ஏறிவிடும். இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு 400 படங்களோடு வீட்டுக்கு வந்தால், எது படம், எது இல்லை என்று தீர்மானிக்கிற வேலை முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் நடக்கும். அங்கே தேர்ந்தெடுக்கத்தான் பழகுவீர்கள். பார்க்கப் பழகுவது தெருவில் நிற்கும்போதுதான், அதிலும் ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளில்தான். எண்ணுக்கு எல்லை வைத்தால் அந்த நொடிகள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கின்றன. கீழே சொல்லியிருக்கிற எல்லாமே அவற்றைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுதான்.

நிறைய எடுப்பதே தப்பு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தெருப் புகைப்படத்தின் பெரிய பெயர்களில் ஒருவரான கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது, எடுத்துவிட்டுக் கழுவாமலே (டெவலப் செய்யாமலே) வைத்திருந்த ஃபிலிம் ரோல்கள் மட்டும் சுமார் 2,500 இருந்தன. அவர் பல ஆண்டுகள் தெருவிலேயே பழகிய கண்ணோடு எடுத்தவர். இந்த எல்லை, கண் இன்னும் பழகாதவர்களுக்கான பயிற்சி.

எந்த எண்?

36இல் தொடங்குங்கள். 35 மி.மீ. ஃபிலிமின் முழு ரோலில் இருக்கும் படங்கள் அவ்வளவு. 1925இல் முதல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து கையடக்கக் கேமராவோடு தெருவில் நடந்தவர்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் யோசித்திருக்கிறார்கள். இரண்டு மணி நேர நடைக்கு இது சராசரியாக மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஒரு படம். நெருக்கடி தெரியும், ஆனால் மூச்சு முட்டாது.

முதல் நாளே 10, 5 என்று குறைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு படமும் அவ்வளவு விலை உயர்ந்ததாகிவிட்டால் புதியவர் அழுத்தவே பயப்படுவார். பாதுகாப்பான காட்சிகளாக, அதாவது அசையாத சுவர், தூரத்து முதுகு என்று தேடிப் போவார். கொஞ்சம் வீணடிக்கவும் இடம் வேண்டும். 36 கை படிந்தபின் 24, அதற்கப்புறம் 12. இந்த 12ம் சும்மா பிடித்த எண் இல்லை. 120 என்ற அகல ஃபிலிமில் சதுரப் படம் எடுக்கும் ரோலைஃப்ளெக்ஸ் போன்ற கேமராக்களில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் விவியன் மையர் தெருக்களில் எடுத்த புகழ்பெற்ற கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் அப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டாக எடுக்கப்பட்டவை.

இதற்காக ஃபிலிம் கேமரா வாங்க வேண்டியதில்லை. ஃபிலிம் தனி சுகம், தனிச் செலவு. இந்தப் பயிற்சிக்கு டிஜிட்டல் கேமராவோ போனோ தாராளமாகப் போதும்.

கிளம்பும் முன் முடிவு செய்ய வேண்டியவை

தெருவில் நின்றுகொண்டு உங்களோடு நீங்களே பேரம் பேசக் கூடாது. அதனால் விதிகளை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

முதல் விதி: அழித்தாலும் கணக்கு கணக்குதான். கை தவறி அழுத்தியதும், கண் மூடிவிட்ட முகமும், லென்ஸ் மூடியும்கூட ஒரு படமே. இந்த விதி போனால் மற்றதெல்லாம் போய்விடும். அழித்து அழித்து எடுப்பவர் கடைசியில் 36 நல்ல படங்களோடு வருவார், ஆனால் தெருவில் அவர் பார்த்தது முழுக்கத் திரையைத்தான்.

அடுத்து, எடுத்த படம் திரையில் தானாகத் தோன்றும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் பிறகு தலையைக் குனிந்து பார்க்கிற அந்த இரண்டு நொடியில்தான் எதிரே நல்லது நடக்கும். அதை நீங்களே சில தடவை அனுபவித்திருப்பீர்கள். தொடர் ஷாட் முறையை மாற்றி, ஒரு அழுத்தலுக்கு ஒரு படம் என்று வையுங்கள். போனில் லைவ் போட்டோவும் (படத்தோடு சில நொடி வீடியோவும் எடுக்கும் வசதி) அணைந்திருக்கட்டும்.

ஒரே லென்ஸ். ஜூம் லென்ஸ்தான் இருக்கிறது என்றால் குவியத் தூரத்தை 35 மி.மீ. அருகே நிறுத்தி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடலாம். போனில் 1 எக்ஸ் மட்டும்.

எண்ணுவதற்குச் சுலபமான வழி, நடை தொடங்கும்போது உங்கள் உள்ளங்கையை ஒரு படம் எடுப்பது. அதன் கோப்பு எண்ணிலிருந்து கணக்கு தொடங்குகிறது, அந்தப் படம் கணக்கில் சேராது. கேமராவை முழுக்க நம்ப வேண்டுமென்றால் பழைய 1 ஜிபி கார்டு கிடைக்கிறதா என்று பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு (பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஒன்று 25 முதல் 30 எம்பி வரை இருந்தால் அதில் தோராயமாக ஒரு ரோல்தான் கொள்ளும். கார்டு நிறைந்துவிட்டால் கேமராவே நிறுத்திவிடும், மனவுறுதியைச் சோதிக்க வேண்டிய தேவையே இல்லை.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கேமரா செட்டிங்

எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது தொழில்நுட்பப் பிழையால் ஒரு படம் போனால் மனம் வலிக்கும். ஆகவே தெருவில் யோசிக்காமல் இருக்கும்படி எல்லாவற்றையும் முன்பே அமைத்துவிடுவது நல்லது. அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எஃப்/8, ஷட்டர் வேகம் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) ஆட்டோவில், உச்சவரம்பு 6400. பகல் நேரத்துக்கு இது பெரும்பாலும் போதும். மாலை மங்கினால் ஷட்டரை 1/250 வரை இறக்கலாம். சாதாரணமாக நடக்கிறவர் நொடிக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்கிறார். 1/250 நொடியில் அவர் நகர்வது அரை சென்டிமீட்டர் அளவு, கண்ணுக்குத் தெரியாது. 1/30 நொடியிலோ கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், படம் கலங்கிப் போகும். தெருவில் படம் கலங்குவதற்குக் கை ஆட்டத்தைவிட இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிடும் முறையைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் படத்தின் அளவே இருப்பது) 35 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் வைத்து, மேனுவலாக 2.5 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் சுமார் 1.7 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்குக் கொஞ்சம் முன்பு வரை எல்லாமே போதிய துல்லியத்தோடு விழும். அதே கோணம் தரும் 23 மி.மீ. லென்ஸ், சென்சார் அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி கேமரா என்றால் இன்னும் தாராளம்: ஏறக்குறைய 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை. அதன்பிறகு ஃபோகஸ் பெட்டி எங்கே போயிற்று என்று தேடுகிற வேலை இல்லை. ஆள் அந்த எல்லைக்குள் வந்துவிட்டாரா என்பது மட்டுமே கேள்வி. 2.5 மீட்டர் என்பது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் டேப் வைத்து அளந்து, கண்ணால் மதிப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டே இருங்கள். போனில் சென்சார் சிறியது, அதனால் இந்தக் கவலை பெரிதாக இல்லை.

கேமரா தானாகத் தூங்கிப்போகும் நேரத்தையும் நீட்டிவிடுங்கள். தவறிப்போகும் படங்களில் எத்தனை இந்த ஒரு காரணத்தால் போகின்றன என்பதை உங்கள் நோட்டே பிறகு காட்டும்.

தெருவில்

முதல் பத்து நிமிடம் படம் எடுக்காமல் நடங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது, ஆட்கள் எந்த மூலையில் வேகத்தைக் குறைக்கிறார்கள், எங்கே திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் விழுவதால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு பட்டையாக வெளிச்சம் கிடைக்கும். அந்தப் பட்டைக்குள் யார் நுழைந்தாலும் முகம் ஒளிரும், பின்னால் இருப்பது இருளும். அப்படி ஓர் இடம் கண்ணில் பட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆளைத் துரத்துவதைவிடப் பின்னணியைத் தேர்ந்துகொண்டு ஆளுக்காகக் காத்திருப்பது எண்ணிக்கைக் கட்டுப்பாட்டில் நடப்பவருக்கு ரொம்பப் பொருந்தும். துரத்தும்போது ஆளும் நகர்கிறார், பின்னணியும் மாறுகிறது, நீங்களும் ஓடுகிறீர்கள். மூன்றில் ஒன்றுகூட உங்கள் கையில் இல்லை. நின்றுவிட்டால் பின்னணி முடிவாகிவிட்டது, நான்கு ஓரங்களையும் நிதானமாகச் சரிபார்க்கலாம். கம்பம் எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் ஆள் வந்தால் தலையும் கம்பமும் ஒட்டிக்கொள்ளும், எந்த இடத்தில் வந்தால் விலகி நிற்கும் என்பதெல்லாம் ஆள் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். அதன்பிறகு அடி வைக்கும் கணம்தான் மிச்சம். நடப்பவரின் கால்கள் நன்றாக விரிந்திருக்கும்போது அழுத்தினால் படத்தில் நடை தெரியும். கால்கள் ஒன்றையொன்று கடக்கும்போது அழுத்தினால் அதே ஆள் ஒற்றைக்காலில் நிற்பது மாதிரி விழுவார். முதல் சில ரோல்களில் இந்த ஒன்றை மட்டும் சரிசெய்தால்கூடப் படங்கள் வெளிப்படையாக மாறும்.

அழுத்துவதற்கு முன் மனதுக்குள் ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். ‘குடையோடு வரும் பெண்ணின் நிழல் சுவரோவியத்து முகத்தைத் தொடப் போகிறது’ என்று சொல்ல முடிந்தால் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிகிறது. ‘நல்லா இருக்கு’ என்று மட்டும்தான் வருகிறதென்றால் இன்னும் கொஞ்சம் பாருங்கள்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் யோசித்துக்கொண்டிருந்தால் அரை நொடியில் நடந்து முடிகிற காட்சி போய்விடாதா என்று கேட்கலாம். போய்விடும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. நகர்கிற விஷயத்தில் சந்தேகம் வந்தால் அழுத்திவிடுங்கள், நகராத விஷயத்தில் சந்தேகம் வந்தால் நடையைக் கட்டுங்கள். சுவரும் கதவும் நாளைக்கும் அங்கேயே இருக்கும். ஒரு குழந்தையை நோக்கி நீளும் தாத்தாவின் கை நாளைக்கு இருக்காது. எண்ணிக்கையில் மிச்சம் பிடிக்க வேண்டியது நகராத வகையில்தான். புதியவர்களின் ரோலில் பாதிக்கு மேல் அசையாத பொருள்கள் இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

கட்டுப்பாடு என்றதும் ‘ஒரு காட்சிக்கு ஒரு படம்’ என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு பயிற்சி, என் பார்வையில் இதைவிடப் பயன் குறைந்தது. 36 படங்களை எல்லாக் காட்சிகளுக்கும் சமமாகப் பங்கு போட வேண்டியதில்லை. ஓர் இடம் கொடுத்துக்கொண்டே இருந்தால் அங்கேயே 10, 12 செலவழியுங்கள். முதல் படம் பெரும்பாலும் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்பதற்கான அடையாளம் மட்டுமே. அதை எடுத்ததும் அடுத்த தெருவுக்கு ஓடாமல், இதில் என்ன குறைகிறது என்று கேளுங்கள். இடது பக்கம் காலியா? பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரோடு ஒட்டிக்கொண்டாரா? இரண்டடி முன்னால் போனால் சரியாகுமா, மண்டியிட்டால் சரியாகுமா? குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் இரண்டாவது கிளிக். அப்படி ஒரே இடத்தில் ஐந்தாறு தடவை திருத்தித் திருத்தி எடுத்தவருக்கு, ஒரே மணி நேரத்தில் ஐம்பது இடம் தாண்டியவரைவிட அதிகம் கிடைக்கும்.

இனி அந்த நோட்டு. பார்த்தீர்கள், ஆனால் எடுக்கவில்லை, அல்லது எடுக்க முடியவில்லை. அப்படிப்பட்டவற்றை இரண்டே வரியில் எழுதுங்கள்: என்ன காட்சி, ஏன் தவறியது. ‘பஸ் ஜன்னலில் தூங்கும் இருவர், ஒரே பக்கம் சாய்ந்த தலைகள். கேமரா தூங்கிவிட்டது.’ ‘கண்ணாடிக் கதவில் தன்னையே பார்க்கும் காவலர். பயம்.’ நாலைந்து நடைக்குப் பிறகு இந்தப் பக்கங்களைப் புரட்டினால் உங்கள் பிரச்சினை எது என்று பளிச்சென்று தெரியும். ‘பயம்’ என்றே வரிசையாக இருந்தால் பயில வேண்டியது நெருங்கிப் போவது. ‘தூரம்’ என்றிருந்தால் லென்ஸுக்கு ஏற்ற தெரு அதுவல்ல, குறுகலான, நெரிசலான இடத்துக்குப் போங்கள். என்னைக் கேட்டால் எடுத்த 36ஐவிட இந்தப் பட்டியல்தான் அதிகம் கற்றுக்கொடுக்கிறது. அளவில்லாமல் எடுக்கும்போது இது கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் தவறவிட்டதை யாரும் கவனிப்பதில்லை.

மனிதர்கள்

பொது இடத்தில் படம் எடுப்பது, எடுத்ததை வெளியிடுவது, வணிகத்துக்குப் பயன்படுத்துவது ஆகிய மூன்றுக்கும் பல நாடுகளில் தனித்தனி விதிகள் உண்டு. நீங்கள் நடக்கிற ஊரின் சட்டத்தை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் அனுமதிப்பதாலேயே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றும் இல்லை. அழுதுகொண்டிருப்பவர், போதையில் விழுந்துகிடப்பவர், சிகிச்சைக்காகக் காத்திருப்பவர் இவர்களை எடுக்காமல் தாண்டிப் போவதே மரியாதை. குழந்தைகள் என்றால் கூட இருக்கிற பெரியவரின் கண்ணைப் பார்த்து ஒரு தலையசைப்பாவது வாங்குங்கள்.

யாராவது கவனித்துவிட்டால் கேமராவை ஒளிக்காதீர்கள். சிரியுங்கள், கேட்டால் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ‘இன்றைக்கு 36 படம்தான், அதில் ஒன்று நீங்கள்’ என்று சொன்னால் பலருக்கு முகம் மலர்ந்துவிடும், அது உண்மையும்கூட. அழிக்கச் சொன்னால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். கணக்கில் ஒன்று குறைந்ததுதான், பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே பார்க்காதீர்கள். கார்டிலிருந்து நகலெடுத்து வைத்துவிட்டு ஒரு வாரம் விடுங்கள். வினோகிராண்ட் எடுத்த ஃபிலிமைக் கழுவ ஓராண்டுக்கு மேல்கூடக் காத்திருப்பார். எடுக்கும்போது இருந்த உற்சாகம் தேர்வில் கலந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். கஷ்டப்பட்டு, பயந்து, மழையில் நனைந்து எடுத்த படம் என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது. உங்களுக்கும் அது கொஞ்சம் மறக்க வேண்டும்.

பிறகு 36ஐயும் எடுத்த வரிசையிலேயே, ஒரே திரையில், சின்னச் சின்னதாக வைத்துப் பாருங்கள். ஃபிலிம் காலத்தில் ஆறு படம் கொண்ட ஆறு துண்டுகளை ஒரே தாளில் வைத்து அச்சிட்டுப் பார்த்த கான்டாக்ட் ஷீட் இதுதான். சிறிய அளவில் விவரம் தெரியாது, கட்டமைப்பு மட்டும் தெரியும். தபால்தலை அளவில் நிற்காத படம் பெரிதாக்கினால் நிற்பது அபூர்வம். வரிசையாகப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும்: எங்கே பொறுமையாக இருந்தீர்கள், எங்கே அவசரப்பட்டீர்கள், எந்த இடத்தை விட்டுச் சீக்கிரம் நகர்ந்தீர்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து போடுங்கள். முன்கூட்டி அழுத்தியிருந்தால் ‘மு’, தாமதமாகியிருந்தால் ‘தா’, தூரமாக இருந்தால் ‘தூ’. 36தானே, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 400 படங்களுக்கு இதை யாரும் செய்ய மாட்டார்கள். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த நடையில் அதை மட்டும் கவனித்தால் போதும்.

தேர்வில் ஒன்று அல்லது இரண்டு படம் தேறினாலே நல்ல நடை. ஒன்றும் தேறாத நடைகளும் நிறையவே வரும், அது இயல்பு. ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினால் படம் சரியாகிவிடும் என்றால் வெட்டுங்கள். படத்தை வெட்டுவதை அறவே விரும்பாத பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெசோன்கூட 1932இல் பாரிஸ் சாங்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய நீரைத் தாண்டுகிறவரை எடுத்த படத்தை வெட்டித்தான் அச்சிட்டார். வேலிப் பலகைகளின் இடைவெளி வழியாக எடுத்ததால் ஓரத்தில் பலகை மறைத்திருந்தது. ஆனால் எதனால் வெட்ட நேர்ந்தது என்பதை நோட்டில் குறியுங்கள்.

சறுக்கும் இடங்கள்

பதுக்கி வைப்பது மிகப் பரவலானது. ஒன்றரை மணி நேரம் ஏழெட்டுப் படத்தோடு ஓட்டிவிட்டு, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தைக் கொட்டித் தீர்ப்பார்கள். மிச்சம் இருந்தால் இருக்கட்டும். அடுத்த நடைக்கு அதைச் சேர்த்துக்கொள்ளவும் கூடாது, தீர்ப்பதற்காக அழுத்தவும் கூடாது. பாதி நேரத்தில் பத்துகூட ஆகவில்லையென்றால் இடத்தை மாற்றிப் பாருங்கள், அல்லது வெளிச்சமுள்ள ஒரு மூலையில் பதினைந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள்.

36ஆவது படத்துக்குப் பிறகு அற்புதமாக ஏதாவது நடக்கும். நடக்கத்தான் செய்யும். எடுக்காமல் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள். விபத்து, போராட்டம் போல நாளைக்கு ஆதாரமாகத் தேவைப்படக்கூடிய ஒன்று கண்முன் நடந்தால் மட்டும் எண்ணை மறந்துவிட்டு எடுங்கள். அது பயிற்சியைவிடப் பெரிய விஷயம். திருவிழா, ஊர்வலம் போன்றவற்றுக்கும் இந்த எல்லையைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே வேகம் வேறு.

சில மாதம் ஆனபின் ஒரு நடை கட்டுப்பாட்டோடும் அடுத்தது கட்டுப்பாடு இல்லாமலும் போய்ப் பாருங்கள். எல்லையே இல்லாத நாளிலும் எண்ணிக்கை தானாக ஐம்பது, அறுபதுக்குள் நின்றால் இந்த விதி உங்களுக்கு இனி தேவையில்லை. புது லென்ஸுக்கு மாறும்போது மட்டும் திரும்ப 36இல் தொடங்குங்கள். 50 மி.மீ.க்குப் பழகிய கண்ணுக்கு 28 மி.மீ. கேட்கிற நெருக்கம் பிடிபட இரண்டு மூன்று ரோலாவது ஆகும்.